சந்தையும் சபையும் சமையலறையும்

(வெள்ளவத்தையில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று பேசுமாறு எனக்குத் தரப்பட்ட பொருள் 'கொந்தளிப்பு' என்பதாகும். சந்தையில் கொந்தளிப்பு, அரசியலில் கொந்தளிப்பு, அன்றாட வாழ்வில் கொந்தளிப்பு என்று மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பேசுவது படித்தவர்களின் வழக்கம். பொருளாதார நிபுணர் சந்தையைப் பற்றிப் பேசுவார். அரசியல்வாதி சபையைப் பற்றிப் பேசுவார். சமையலறையைப் பற்றிப் பேச மட்டும் எவரும் முன்வருவதில்லை. அங்கே அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கோ மேடை கிடைப்பதில்லை. ஆயினும், இம்மூன்றும் ஒரே வீட்டின் மூன்று அறைகள். ஓரறையில் மூண்ட தீ மற்ற அறைகளுக்கு எவ்வாறு பரவுகிறது, பரவியபின் யாருடைய உடைமை எரிகிறது, எரித்தவன் என்று யார் மீது பழி சுமத்தப்படுகிறது என்னும் மூன்று கேள்விகளையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் 2022ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு நேர்ந்ததை வானத்திலிருந்து விழுந்த இடி என்று சொல்லுவோர் உளர். கொரோனா நோயின்மீதும் உக்ரேன் யுத்தத்தின்மீதும் பழியைப் போட்டுவிட்டு அமைதியடைவோரும் உளர். அவையும் காரணங்களே. உல்லாசப் பயணிகளின் வருகை நின்றது. எண்ணெய் விலை ஏறியது. ஆனால் அவை வருமுன்னரே வீட்டின் கூரையைப் பிரித்து வைத்தவர்கள் இருந்தார்கள்.

2019ஆம் ஆண்டின் இறுதியில் பதவிக்கு வந்த அரசாங்கம், பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது. வேறு பல வரிகளையும் நீக்கியது. திறைசேரியின் வருமானம் சரிந்தது. வருமானத்தை இழந்த திறைசேரிக்கு உலகச் சந்தையில் கடன் கொடுப்பார் இல்லாது போயினர். மத்திய வங்கி பணத்தை அச்சிட்டுத் திறைசேரிக்குக் கொடுத்தது. அதே வேளையில், ஒரு டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாதான் என்று கட்டளையிட்டு, அந்தக் கட்டளையைக் காப்பதற்காகக் கையிருப்பு டொலர்களைச் செலவழித்தது. 2019இன் முடிவில் ஏறத்தாழ 760 கோடி டொலராயிருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு இவ்வாறு கரைந்தது.

கட்டளைக்குச் சந்தை பணியவில்லை. வெளிநாட்டில் உழைப்பவர் அனுப்பும் நூறு டொலருக்கு வங்கி கொடுக்கும் தொகையைவிட உண்டியல்காரர் கொடுக்கும் தொகை மிகுதியாயிற்று. இதை வெள்ளவத்தை மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2020இல் 710 கோடி டொலராயிருந்த உத்தியோகபூர்வப் பணவரவு 2021இல் ஏறத்தாழ 550 கோடியாக வீழ்ந்தது. பிள்ளை அனுப்பிய பணம் வீடு வந்து சேர்ந்தது. நாட்டுக்கு வரவேண்டிய டொலரோ வெளியிலேயே தங்கிவிட்டது. அந்த டொலர் இல்லாமையால் எண்ணெய்க் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே காத்து நின்றது. எண்ணெய் இல்லாமையால் மின்சாரம் நின்றது. 2022 மார்ச் மாத இறுதியில் ஒரே நாளில் பதின்மூன்று மணி நேரம் இருளில் இருந்தோம். பொய்யான ஒரு விலையைக் காக்க முனைந்தவர்கள் மெய்யான ஒரு விளக்கை அணைத்தார்கள்.

இதற்கிடையே, 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி ஒரே ஆணையினால் தடை செய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது காலம் கடந்திருந்தது. நெல் விளைச்சல் குறைந்தது; தேயிலை குறைந்தது. உணவை இறக்குமதி செய்யவேண்டிய தேவை, இறக்குமதிக்குப் பணமில்லாத வேளையிலே வந்து சேர்ந்தது. அப்படியிருந்தும், 2022 ஜனவரியில் முதிர்ந்த 50 கோடி டொலர் கடன்பத்திரத்துக்கு உரிய பணத்தை வெளிநாட்டுக் கடன்காரருக்கு அரசாங்கம் தவணை தவறாது செலுத்தியது. அடுத்து வந்த மாதங்களில் ஆஸ்பத்திரிகளில் மருந்தில்லை. மார்ச் 7ஆம் தேதி ரூபாவின் கட்டு அவிழ்க்கப்பட்டது. இரண்டு மாதங்களுக்குள் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என்று அறிவிக்கப்பட்டது. சுதந்திரம் பெற்ற நாள் முதல் இலங்கை அத்தகைய அறிவிப்பைச் செய்தது அதுவே முதல் தடவை. பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 5 கோடி டொலரும் இல்லை என்று மே மாதத்தில் நிதி மந்திரி பாராளுமன்றத்திலே சொன்னார்.

சந்தை என்னும் அறையில் நடந்தது இது. இனிச் சமையலறைக்கு வருவோம்.

2021 ஒக்ரோபருக்கு முன் 1,493 ரூபாவுக்கு விற்ற பன்னிரண்டரைக் கிலோ எரிவாயு, 2022 ஏப்ரலில் 4,860 ரூபா ஆயிற்று. அந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை. அவ்வாண்டு ஜனவரியில் 177 ரூபாவாயிருந்த ஒரு லீற்றர் பெற்றோல் ஜூன் மாதத்தில் 470 ரூபா ஆயிற்று. செப்ரெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருள்களின் பணவீக்கம் 94.9 சதவீதம். ஓராண்டுக்கு முன் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவை நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபா கொடுத்து வாங்கினோம் என்பதே அதன் பொருள்.

ஆனால் நண்பர்களே, இந்தப் புயல் எல்லா வீட்டுக் கூரையையும் ஒரே அளவில் பிய்க்கவில்லை. வெள்ளவத்தையில் லண்டனிலோ ரொறன்ரோவிலோ பிள்ளை இருக்கும் குடும்பத்துக்கு நூறு டொலர் வந்தால் முன்னர் 20,000 ரூபா. பின்னர் 36,000 ரூபா. விலையேற்றத்தின் ஒரு பகுதியை அது தாங்கியது. அதே மாடியில், அதே தாழ்வாரத்தில், எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு அந்த ஊன்றுகோல் இல்லை. அவருடைய ஓய்வூதியம் ரூபாவில் வருகிறது. மருந்தோ டொலரில் வருகிறது.

கொட்டாஞ்சேனைக்குச் செல்வோம். ஜிந்துப்பிட்டி முடுக்குகளிலும் கொச்சிக்கடைத் தோட்டங்களிலும் வாழ்வோர் யார்? துறைமுகத் தொழிலாளர்; புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைகள்; முச்சக்கர வண்டி ஓட்டுவோர்; பிறர் வீட்டில் சமைத்துவிட்டு வந்து தம் வீட்டில் உலை வைக்கும் பெண்கள். எரிவாயு எட்டாதபோது அவர்கள் மண்ணெண்ணெயை நம்பினார்கள். 87 ரூபாவாயிருந்த அந்த மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்ட் மாதத்தில் ஒரே இரவில் 340 ரூபா ஆக்கப்பட்டது. வண்டி ஓட்டுபவர் எண்ணெய்க்காக இரண்டு நாள் வரிசையில் நின்றால் அந்த இரண்டு நாளும் அவருக்கு வருமானம் இல்லை. செல்வர் வரிசையில் நிற்க ஆள் அனுப்பலாம். நாட்கூலிக்காரர் தம் கூலியையே விலையாகக் கொடுத்து வரிசையில் நிற்கவேண்டும். வறுமையில் வாழ்வோர் 2021இல் 13 சதவீதமாக இருந்து 2022இல் 25 சதவீதமாக உயர்ந்தனர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. நாலில் ஒருவர்!

சமையலறையில் உலை கொதிக்காதபோது தெரு கொதிக்கும். இது இந்த நாட்டிற்குப் புதிதன்று. 1953ஆம் ஆண்டை நினைவுகூருங்கள். கொரிய யுத்த காலத்தில் உயர்ந்திருந்த இறப்பர் விலை வீழ்ந்தது. வெளிநாட்டு அரிசியின் விலை ஏறியது. உதவிப் பணத்தைக் குறையுங்கள் என்று உலக வங்கித் தூதுக்குழு ஆலோசனை கூறியிருந்தது. அன்றைய நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனா, 25 சதமாயிருந்த ஒரு கொத்துக் கூப்பன் அரிசியை 70 சதமாக்கினார். தபாற் கட்டணமும் ரெயில் கட்டணமும் உயர்ந்தன. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவிலும் கை வைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் தேதி இடதுசாரிக் கட்சிகள் ஹர்த்தாலுக்கு அழைத்தன. தமிழரசுக் கட்சியும் ஆதரவளித்தது. கடைகள் மூடின, ரெயில்கள் நின்றன, மகரகமையிலும் பொரலஸ்கமுவையிலும் தென்கரை ஊர்களிலும் மக்கள் வீதியை மறித்தனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. மந்திரி சபையோ கொழும்புத் துறைமுகத்தில் நின்ற 'நியூபவுண்ட்லாந்து' என்னும் பிரித்தானிய யுத்தக் கப்பலிலே கூடிற்று. ஒக்ரோபரில் பிரதம மந்திரி டட்லி சேனாநாயக்கா பதவி துறந்தார். அரிசி விலையும் பின்னர் குறைக்கப்பட்டது.

கொட்டாஞ்சேனை மேட்டில் நின்றால் தெரியும் அதே துறைமுகத்துக்கு, 69 ஆண்டுகள் கழித்து, 2022 ஜூலை 9ஆம் தேதி, ஜனாதிபதி மாளிகையை மக்கள் சூழ்ந்தபோது, ஜனாதிபதி கோத்தபாய ராஜபக்ஷ வந்து கடற்படைக் கப்பலில் ஏறினார். ஐந்து நாள்களில் அவர் பதவியும் போயிற்று. அரிசியின் விலை ஏறினால் ஆட்சியாளர் கரையிலே நிற்க இயலாது என்பதை இந்தத் துறைமுகம் இரண்டு முறை கண்டிருக்கிறது.

இதைக் கேட்டு நீங்கள் கை தட்டலாம். ஆனால் என் பேச்சின் கடினமான பகுதி இனித்தான் வருகிறது. வென்ற மக்களின் கோபம் அதன்பின் எங்கே சென்றது? அதைக் கேளாது விட்டால் வரலாற்றின் பாதியைத்தான் படித்தவர்களாவோம்.

நாம் கூடியிருக்கும் இந்த வெள்ளவத்தையிலிருந்தே தொடங்குகிறேன். இங்கே ஒரு நூற்பு நெசவு ஆலை இருந்தது. 1933ஆம் ஆண்டு, உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே, கூலிக் குறைப்பை எதிர்த்து அதன் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுள் மலையாளிகளும் பிற இந்தியத் தொழிலாளரும் மிகப் பலர். கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர் அப்போராட்டத்துக்குத் தலைமை தாங்கினர். ஆனால் 1920களில் கொழும்புத் தொழிலாளரை ஒன்றுதிரட்டிய பெருமைக்குரிய ஏ. ஈ. குணசிங்கா, அந்த வேலைநிறுத்தத்திற்கு எதிராக நின்றார். மந்தத்தால் வேலையிழந்த சிங்களத் தொழிலாளிக்கு அவர் காட்டிய பகைவன் முதலாளி அல்லன். பக்கத்துத் தறியில் நின்ற மலையாளி! அந்த விதை வீண்போகவில்லை. 1939இல் அரசாங்க சேவையிலிருந்த இந்திய நாட்கூலித் தொழிலாளர் வெளியேற்றப்பட்டனர். 1948இல், சுதந்திரம் வந்த அதே ஆண்டில், மலையகத் தோட்டத் தொழிலாளரின் பிரசாவுரிமை பறிக்கப்பட்டது.

1953இல் மீண்டும் ஒரு வாய்ப்பு வந்தது. சிங்களவரும் தமிழரும் ஓர் அரிசிக் கொத்துக்காக ஒரே நாளில் கதவடைத்தனர். மூன்று ஆண்டுகள் சென்றன. ஹர்த்தாலில் நேராக இறங்காது ஒதுங்கி நின்ற எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா, மக்களின் கோபத்தை அறுவடை செய்துகொண்டார். அரிசியைப் பற்றிய கோபம் மொழியைப் பற்றிய கோபமாக மாற்றப்பட்டது. 1956 ஜூன் 5ஆம் தேதி, தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்துக் காலிமுகத்திடலிலே சத்தியாக்கிரகம் இருந்த தமிழ்த் தலைவர்கள் தாக்கப்பட்டனர். 1958இல் கொழும்புத் தமிழர் அகதிகளாயினர்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1933இல் இங்கே பிறமொழித் தொழிலாளருக்காக வாதாடிய அதே கொல்வின் ஆர். டி சில்வாதான், 1972இல் மந்திரியாக இருந்து குடியரசு அரசியலமைப்பை ஆக்கினார். பௌத்தத்துக்கு முதன்மை இடமும், சிங்களத்துக்கு அரசியலமைப்புத் தகுதியும் அதில் வந்தன. சிறுபான்மையோருக்கு இருந்த 29ஆம் பிரிவின் காப்பு போயிற்று. 1953இல் அரிசி விலையை ஏற்றிய அதே ஜயவர்த்தனா 1977இல் ஆட்சியைப் பிடித்து, 1979இல் அரிசிப் பங்கீட்டை எடுத்துவிட்டு உணவு முத்திரை கொடுத்தார். விலை ஏறியது, முத்திரையின் பெறுமதி ஏறவில்லை. 1980 ஜூலையில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தோரில் ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்தனர். மூன்று ஆண்டுகள் கழித்து, 1983 ஜூலையில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. முன்னதுதான் பின்னதற்கு ஒரே காரணம் என்று நான் சொல்லவில்லை. தொழிலாளரின் ஒற்றுமை முறிக்கப்பட்ட நகரத்தில், அயலவனைக் காக்க எழக்கூடிய கைகள் குறைந்திருந்தன என்று சொல்லுகிறேன்.

இந்த வரலாற்றைத் தெரிந்தவர்கள் 2022இல் காலிமுகத்திடலைப் பார்த்தபோது நம்பிக்கையும் அச்சமும் ஒருங்கே கொண்டனர். 1956இல் தமிழர் அடிபட்ட அதே திடலில், 2022 மே 9ஆம் தேதி, பெரும்பாலும் சிங்கள இளைஞர்களாயிருந்த போராட்டக்காரர் ஆட்சியின் ஆதரவாளரால் அடிபட்டனர். ஒன்பது நாள்கள் கழித்து, மே 18இல், அங்கேயே முள்ளிவாய்க்காலில் இறந்தோர் நினைவுகூரப்பட்டனர், கஞ்சி வழங்கப்பட்டது. வடக்கிலே பலர் விலகி நின்றனர் என்பதும் உண்மை. மண்ணெண்ணெய்த் தடையையும் பொருளாதாரத் தடையையும் யுத்தகாலத்தில் ஆண்டுக்கணக்காக அனுபவித்தவர்கள், 'எங்கள் வரிசையில் அன்று யார் நின்றார்?' என்று கேட்டது நியாயமே. அக்கேள்விக்கு விடை அவ்வாண்டு ஆகஸ்டில் வேறு விதமாக வந்தது. தமிழரை அடக்குவதற்கென்று 1979இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ், சிங்கள மாணவர் தலைவர் வசந்த முதலிகே தடுத்து வைக்கப்பட்டார். பிறனுக்கென்று வெட்டிய குழியின் ஆழத்தைத் தென்னிலங்கை அன்றுதான் அளந்து பார்த்தது.

இனி, இழப்பை யார் கொடுத்துத் தீர்த்தார்கள் என்னும் கணக்கு. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுக்கு இணங்கியது. அதற்குரிய சீர்திருத்தங்களின் சுமை எங்கே வைக்கப்பட்டது? 8 சதவீதமாயிருந்த பெறுமதி சேர் வரி படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 சதவீதமாயிற்று. செல்வரும் ஏழையும் ஒரே கடையில் ஒரே வீதத்தில் கட்டும் வரி அது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று வந்தபோது, திறைசேரி முறிகளை வைத்திருந்த வங்கிகள் விடப்பட்டன. தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதி பிடிக்கப்பட்டது. திறைசேரி உண்டியல்களுக்கு 30 சதவீதத்துக்கும் மேல் வட்டி ஓடிய காலத்தை அடுத்து, அந்நிதியின் முறிகளுக்கு 2025 வரை 12 சதவீதமும் பின்னர் 9 சதவீதமும் என்று விதிக்கப்பட்டது. வங்கிகள் வீழ்ந்தால் வைப்பாளர் வீழ்வர் என்று அரசாங்கம் காரணம் சொன்னது. அக்காரணத்தில் உண்மை உண்டு. ஆனால் தொழிலாளி முதுமையில் வீழ்வதற்கு அதே சபையில் யார் காரணம் கேட்டார்கள்?

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், இந்த வீழ்ச்சிக்கு முன்னாள் ஜனாதிபதிகள் கோத்தபாய ராஜபக்ஷவும் மகிந்த ராஜபக்ஷவும், பசில் ராஜபக்ஷவும், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் பொறுப்பாளிகள் என்று தீர்ப்பளித்தது. மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை அவர்கள் மீறினர் என்றது. மக்களுக்கு நட்டஈடு கொடுக்க ஆணையிடவில்லை. பழி அவர்களிடம் நின்றது; பாக்கி நம்மிடம் நின்றது.

இப்பொழுது நிலைமை சீராகிவிட்டது என்று சொல்லப்படுகிறது. 2022 ஏப்ரலில் ஐந்து நாள் கதவடைத்த கொழும்புப் பங்குச் சந்தையின் சுட்டெண் 2025இல் 20,000ஐயும் கடந்தது. பணவீக்கமும் தணிந்தது. ஆனால் ஒரு சிறு கணக்கை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நூறு ரூபாப் பொருள் நூற்றெழுபது ஆகியபின் பணவீக்கம் பூச்சியமானால், விலை நூற்றெழுபதிலேயே நிற்கிறது. ஏற்றம் நின்றதே தவிர இறக்கம் வரவில்லை. சம்பளம் அந்த நூற்றெழுபதை எட்டும் வரை சமையலறையில் நெருக்கடி முடியவில்லை.

2024இல் மக்கள் புதிய ஜனாதிபதியாக அனுர குமார திசாநாயக்காவைத் தெரிந்தனர். நவம்பர்ப் பொதுத்தேர்தலில் அவர் தலைமையிலான தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்றது. யாழ்ப்பாண மாவட்டத்திலும் மூன்று ஆசனங்களை வென்றது. 1953இல் கிட்டாத அளவுக்குப் பெரிய ஆணை இது. இந்த ஆணை 1956ஆக மாறுமா, மாறாதா என்பதை ஆட்சியாளரின் நல்லெண்ணத்துக்கு மட்டும் விட்டுவிட நம்மால் இயலாது.

ஆகவே நாம் செய்யத்தக்கவை என்று மூன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, சேமலாப நிதியை ஆளும் முடிவுகளில் அதன் உரிமையாளரான தொழிலாளரின் பிரதிநிதிகளுக்குக் குரல் வேண்டும் என்று எல்லாத் தொழிற்சங்கங்களும் ஒரே கோரிக்கையாகக் கேட்கவேண்டும். இரண்டு, பயங்கரவாதத் தடைச் சட்டத்தை ஒழிப்பதாகப் பல அரசாங்கங்கள் வாக்களித்தன; அந்தக் கோரிக்கையைத் தமிழர் தனியே சுமக்கும் காலம் போயிற்று என்பதைச் சிங்கள நண்பர்களிடம் சிங்களத்திலேயே போய்ச் சொல்லவேண்டும். மூன்று, அடுத்த முறை விலை ஏறும்போது, ஏற்றியவன் பக்கத்துக் கடை முஸ்லிம் என்றும், எதிர்வீட்டுச் சிங்களவன் என்றும், வெளிநாட்டுப் பணம் வரும் தமிழன் என்றும் யாராவது வந்து நம் காதில் ஓதுவர். அவரிடம் வரவுசெலவுத் திட்டத்தை எடுத்து வைத்து, எந்த வரியை யார் குறைத்தார், எந்தக் கடனை யார் வாங்கினார் என்று கணக்குக் கேளுங்கள். வெள்ளவத்தை மாடி வீட்டாரும் கொட்டாஞ்சேனை முடுக்கு வீட்டாரும் அந்தக் கணக்கை ஒருங்கே கேட்பார்களாயின், 1933இல் இந்த ஆலைத் தொழிலாளர் தொடங்கிய வேலையில் நமக்குரிய பங்கைச் செய்தவர்களாவோம்.